வளவு மண்ணிற் பழங்காசுகள்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் உலோகக் கண்டறி கருவியும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்று மூலங்களுள் நாணயங்கள் தனியிடம் பெறுவன. ஏடுகள் காலந்தோறும் படியெடுக்கப்படுகையில் திரிபடைதல் கூடும். நாணயமோ, தேய்ந்தாலும் களிம்பேறினாலும், அச்சிட்டோர் பொறித்தவற்றை மாற்றமின்றி வைத்திருப்பது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை ஆராய்வோருக்கு இம்மூலம் பெரிதும் இன்றியமையாததாகும். ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சியைப் பற்றி விரிவாகக் கூறும் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில், அஃதாவது அவ்வரசு வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் எழுந்தது. குடாநாட்டினுள்ளே கிடைத்த கல்வெட்டுக்களோ மிகச் சில. ஏட்டுச் சான்றுகள் எத்துணை எளிதில் அழியத்தக்கன என்பதை 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தமை உணர்த்தியது. எனவே, குடாநாட்டின் மண்ணையே ஓர் ஆவணக்களரி எனக் கொள்ளுதல் மிகையன்று.

அண்மைக் காலத்தில் இவ்வாவணக்களரியைத் திறப்பதற்குப் புதியதொரு கருவி பொதுமக்கள் கைக்கு எட்டியுள்ளது. அதுவே உலோகக் கண்டறி கருவியாகும். புதையல் தேடி நிலத்தை அகழ்ந்தோர் இக்கருவியுடன் பிடிபட்டனர் என்னும் செய்தி இலங்கைப் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவருகின்றது. புதையலுக்கு மை பார்த்த காலம் போய்க் கருவி பார்க்கும் காலம் வந்துள்ளது எனலாம். பழைய வீடுகளின் வளவுகளிற் காசு எவ்வாறு சேர்ந்தது, கருவி அதனை எவ்வாறு காண்கின்றது, கண்டெடுத்த காசு எப்பொழுது வரலாற்றுச் சான்றாகின்றது, எப்பொழுது வெறும் உலோகத்துண்டாகி விடுகின்றது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காசு வளவை அடைந்த வழிகள்

யாழ்ப்பாணத்து வளவு ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய நிலமாகும். சங்கடப் படலை, முற்றம், நாற்சார் வீட்டின் உள்முற்றம், கிணற்றடி, மாட்டுக்கொட்டில், கோடி என அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு பயன் உண்டு. காசு மண்ணிற் சேர்ந்த வழிகளும் இவ்விடங்களுக்கேற்ப வேறுபடுவன.

முதலாவது, தவறி வீழ்ந்த காசு. மடியிலிருந்து நழுவிய செப்புக்காசு கிணற்றடியிலும் படலையடியிலும் மண்ணுட் புதைந்து போதல் இயல்பு. இவை பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே காணப்படும். இரண்டாவது, வேண்டுமென்றே புதைத்த காசு. வங்கிகள் தோன்றாத காலத்தில் முட்டியிலோ செம்பிலோ காசை இட்டு நிலத்திற் புதைத்தலே பாதுகாப்பான சேமிப்பாக இருந்தது. 1619இற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியமை, 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றியமை போன்ற அரசியற் குழப்பங்கள் இவ்வழக்கத்தைத் தூண்டியிருத்தல் கூடும். நம் காலத்திலும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, கொண்டுசெல்ல இயலாத பொருள்களை வளவிற் புதைத்துச் சென்றோர் உளர். மூன்றாவது, சடங்கின் பொருட்டு இட்ட காசு. வீட்டுக்கு அத்திவாரம் இடும்போது காசு முதலியன வைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. இத்தகைய காசு கட்டடத்தின் காலத்தை அறியத் துணை செய்வது.

நான்காவது வழியே ஆராய்வோர் மிகவும் எச்சரிக்கையாக நோக்கவேண்டியதாகும். அது மண்ணோடு மண்ணாக வந்த காசு. குடாநாட்டுக் கமக்காரர் குளத்து வண்டலையும் எருவையும் தோட்டங்களுக்குக் கொண்டுசென்று பரப்புவர். பனையோலையை மண்ணுள் தாழ்த்துவர். பள்ளமான வளவுகளைப் பிறவிடத்து மண்ணால் உயர்த்துவர். ஆதலால் ஒரு வளவின் மேன்மண்ணிற் கிடைத்த காசு அவ்வளவிலேயே புழங்கியது எனத் துணிதல் இயலாது. அஃது எம்மண்ணுடன் வந்தது என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.

குடாநாட்டு மண் தந்த காசுகள்

குடாநாட்டு நாணயங்களை ஆராய்ந்தோர் முதலிற் குறிப்பிடுவது கந்தரோடையையே. வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டிலும் 1919ஆம் ஆண்டிலும் அரச ஆசியக் கழகத்து இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்விடத்தின் தொன்மையை அறிஞருலகுக்கு எடுத்துக்காட்டின. அச்சுக்குத்திய வெள்ளி நாணயங்கள், ஒருபுறம் கஜலக்குமியும் மறுபுறம் சுவஸ்திகமும் கொண்ட நீள்சதுர இலக்குமி நாணயங்கள், உரோம நாணயங்கள் ஆகியன அங்கு கிடைத்தவற்றுட் குறிப்பிடத்தக்கன. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து அரும்பொருளகத்தினர் அங்கு அகழ்வாய்வு நடத்தினர். கந்தரோடையின் தொல்குடியிருப்பு இன்று மக்கள் வாழும் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் கீழேயே பரந்து கிடக்கின்றது. அங்குள்ள ஒருவர் தம் கோடியிற் கிடங்கு வெட்டுவது, தம்மையறியாது ஒரு தொல்லியற் களத்தை வெட்டுவதாக அமையலாம்.

காலவரிசையில் அடுத்து வருவன சோழர் காசுகளும் அவற்றின் அமைப்பைத் தழுவி இலங்கை மன்னர் வெளியிட்ட செப்புக்காசுகளுமாம். ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் இருக்கும் உருவமும் கொண்ட இவ்வகையை இராசராசன் காசுகளிலும், பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி முதலியோர் காசுகளிலும் காணலாம். இவற்றையடுத்து யாழ்ப்பாண அரசின் சேது காசுகள் வருகின்றன. ஒருபுறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் இடபமும், அதன் மேல் பிறையும், கீழே தமிழெழுத்தில் 'சேது' என்னும் சொல்லும் இவற்றின் அடையாளங்களாம்.

பழைய கல்வீடுகளின் வளவுகளில் மிகுதியாக எதிர்பார்க்கத்தக்கன ஒல்லாந்தர் காலத்தனவும் பிரித்தானியர் காலத்தனவுமாகிய செப்புக்காசுகளே. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் இலச்சினை தாங்கிய டொயிற் என்னும் சிறுகாசின் பெயரிலிருந்தே தமிழில் 'துட்டு' என்னும் சொல் வந்தது என்பர். பிரித்தானியரின் தொடக்ககாலத்தில் யானை உருவம் பொறித்த செப்புக்காசுகள் வழங்கின. 1872ஆம் ஆண்டில் ரூபாய், சதம் என்னும் தசம முறை நடைமுறைக்கு வந்தபின் விக்ரோறியா அரசியின் தலையுருக் கொண்ட சதக்காசுகள் பரவின.

கருவி தொழிற்படும் முறை

உலோகக் கண்டறி கருவியின் அடிப்படை மின்காந்தத் தூண்டலாகும். கருவியின் அடியிலுள்ள தட்டினுள் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அதனூடாக மாறுகின்ற மின்னோட்டம் செல்லும்போது நிலத்தினுள் மாறுகின்ற காந்தப்புலம் தோன்றும். அப்புலத்தினுள் காசு கிடக்குமாயின் அதன் மேற்பரப்பிலே சுழலோட்டங்கள் எழும். அவ்வோட்டங்கள் தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். இதனை வாங்கும் சுருள் உணர, கருவி ஒலியெழுப்பும். முதலாவது புலத்துக்கும் இரண்டாவது புலத்துக்கும் இடையேயுள்ள கால வேறுபாட்டை அளந்து, புதையுண்ட பொருள் இரும்பா, செம்பு வெள்ளி போன்று மின்னை நன்கு கடத்துவதா எனக் கருவி ஓரளவு ஊகிக்கும்.

'ஓரளவு' என்னும் சொல் இங்கு முக்கியமானது. கருவி உலோகத்தை அறியுமேயன்றிக் காலத்தை அறியாது. சேது காசுக்கும், சோடாப் போத்தல் மூடிக்கும், வெற்றுத் தோட்டாவுக்கும் அது ஒலியெழுப்பும். தனிக்காசு ஒன்றைச் சாதாரணக் கருவி ஒரு சாண் ஆழத்துக்குச் சற்று முன்பின்னாகவே காணவல்லது. ஆழம் மிகுந்தால், பெரிய பாத்திரம் போன்றனவே புலப்படும். இதனால் மேன்மண்ணிலுள்ள பிற்காலப் பொருள்களே பெரும்பாலும் கைக்கு வரும். ஆழத்திலுள்ள தொல்படை தப்பிவிடும். அதனைத் தேடித் தோண்டுவோர் இடைப்பட்ட படைகளை எல்லாம் குலைத்தே அடைவர்.

குடாநாட்டின் நிலவியல்பும் கருவியைத் தடுமாறச் செய்வது. வலிகாமத்துச் செம்மண்ணுக்கு நிறம் தருவன இரும்பின் ஒட்சைட்டுக்கள். இவற்றின் காந்த இயல்பு கருவிக்குப் பொய்யொலியை உண்டாக்க வல்லது. சுட்ட ஓடும் செங்கல்லும் அத்தகையனவே. பழைய ஓட்டு வீட்டின் வளவில் உடைந்த ஓடுகளுக்குக் குறைவில்லை. கடலோர நிலத்து உவர்நீர் மின்னைக் கடத்துவதால் அங்கும் கருவி குழம்பும். ஆகவே, ஒலி கேட்ட இடமெல்லாம் தோண்டுபவர் காசைக் காட்டிலும் கிடங்குகளையே மிகுதியாகப் பெறுவர்.

இடமே சான்று

காசின் வரலாற்றுப் பெறுமதி அதன் உலோகத்திலோ அழகிலோ மட்டும் தங்கியதன்று. அது கிடந்த இடத்திலும் ஆழத்திலும், உடன்கிடந்த பொருள்களிலும் தங்கியுள்ளது. இதற்குச் சேது காசுகளின் ஆராய்ச்சி வரலாறே தக்க எடுத்துக்காட்டாகும்.

'சேது' என்னும் சொல் இராமேசுவரத்தையும் இராமநாதபுரத்துச் சேதுபதிகளையும் உடனே நினைவூட்டுவது. அதனால் இக்காசுகளைச் சேதுபதிகளுக்கு உரியனவாகக் கருதியோரும் இருந்தனர். காசை மட்டும் கையில் வைத்து நோக்கினால் அக்கருத்து இயல்பானதே. ஆயின், இவை வட இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைத்தமை ஆராய்ச்சியின் போக்கை மாற்றியது. சுவாமி ஞானப்பிரகாசர், எச். டபிள்யூ. கொட்றிங்ரன், முதலியார் செ. இராசநாயகம் ஆகியோர் 1920களில் வெளியிட்ட ஆய்வுகள் இவற்றை யாழ்ப்பாண மன்னருக்கு உரியனவாகக் கொண்டன. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவிற் கிடைத்த, ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றி கூறும் தமிழ்க் கல்வெட்டிலும் 'சேது' என்னும் சொல் காணப்படுவது இம்முடிவுக்கு அரண் செய்தது. பிற்காலத்தில் பேராசிரியர்கள் சி. பத்மநாதன், ப. புஷ்பரட்ணம் ஆகியோர் இவ்வாய்வை மேலும் வளர்த்தனர். யாழ்ப்பாண அரசு தன் பெயரால் நாணயம் வெளியிட்ட அரசு என்னும் உண்மை, காசுகள் கிடைத்த இடம் தெரிந்தமையாற் பெரிதும் உறுதிப்பட்டது. அவையனைத்தும் இடந்தெரியாது வணிகர் கைக்குச் சென்றிருப்பின் அவ்வழக்கு இன்றும் தீராது கிடந்திருக்கும்.

இன்னும் தீராத வினாக்களும் உள. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமச் சிறு செப்புக்காசுகளும் அவற்றைப் போன்று உள்நாட்டிற் செய்யப்பட்டனவும் இலங்கையிற் பலவிடங்களிற் கிடைக்கின்றன. அவை எவ்வளவு காலம் இங்கு சில்லறையாகப் புழங்கின? சேது காசுகள் 1619இன் பின்னும் சந்தையில் வழங்கினவா? இவற்றுக்கு விடை தனிக்காசில் இல்லை. ஒரே முட்டியிற் சேது காசும் ஒல்லாந்தர் காசும் கலந்து கிடப்பின், பழைய அரசின் காசு புதிய ஆட்சியிலும் மதிப்பிழக்கவில்லை என அறியலாம். அம்முட்டியைக் கண்டவர் சேது காசுகளை ஒருவருக்கும் ஒல்லாந்தர் காசுகளை இன்னொருவருக்கும் விற்றுவிடின், காசுகள் எஞ்சும், விடை அழியும்.

தமிழ்நாட்டிலும் இந்நிலை உண்டு. சங்ககாலப் பாண்டியருக்குரிய 'பெருவழுதி' என்னும் பெயர் பொறித்த நாணயத்தை 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அறிஞருலகுக்கு அறிமுகப்படுத்தினார். தமிழக வரலாற்றுக்கு அது பெருங்கொடையே. எனினும் அது அகழ்வாய்வுக் குழியிலிருந்தன்றி விற்பனையாளர் வழியாக வந்தமையால், அதன் காலத்தை எழுத்தமைதி கொண்டே கணிக்கவேண்டியதாயிற்று. மண்படையோடு கிடைத்திருப்பின் அது தன் காலத்தைத் தானே கூறியிருக்கும்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று இங்கிலாந்தில் 1992 நவம்பரில் நிகழ்ந்தது. சபொக் பகுதியிலுள்ள ஹொக்சன் என்னுமூரில், கமக்காரர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடிச் சென்ற நண்பர் தம் கருவியால் உரோமர் காலத்துப் புதையலைக் கண்டார். சில பொருள்களை எடுத்த அளவில் அவர் தோண்டுவதை நிறுத்தி அதிகாரிகளுக்கு அறிவித்தார். தொல்லியலாளர் உடன் வந்து எஞ்சியவற்றை முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 நாணயங்களோடு அணிகலன்களும் கரண்டிகளும் கிடைத்தன. அவை மரப்பெட்டி ஒன்றினுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதும் அறியப்பட்டது. கருவியைப் பயன்படுத்தியவர் தம் கையை நிறுத்த அறிந்திருந்தமையே அக்கண்டுபிடிப்பின் சிறப்பாகும்.

கருவியும் மிதிவெடியும்

யாழ்ப்பாணத்தில் இக்கருவியைப் பற்றிப் பேசுகையில் மறவாது கூறவேண்டிய ஒன்றுண்டு. இக்கருவி உலகிற் பெரிதும் பரவியதே மிதிவெடி தேடும் பொருட்டு. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டுப் பொறியியலாளர் யோசெப் கொசாக்கி அமைத்த கருவி 1942இல் வட ஆபிரிக்காவின் எல் அலமெயின் போரிற் பயன்பட்டது. குடாநாட்டு மக்களும் இக்கருவியைப் பெரும்பாலும் மிதிவெடி அகற்றுவோர் கையிலேயே முதலிற் கண்டனர். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தையடுத்து ஹலோ ட்றஸ்ற் முதலிய நிறுவனங்கள் இங்கு பணி தொடங்கின. 2009இற் போர் முடிந்தபின் முகமாலை முதலிய இடங்களில் அப்பணி நெடுங்காலம் தொடர்ந்தது. 1990 முதல் மக்கள் செல்லவியலாதிருந்த வலிகாமம் வடக்கு வளவுகள் கட்டங்கட்டமாக மீளளிக்கப்பட்டன.

மிதிவெடி அகற்றுவோர் ஒவ்வோர் ஒலியையும் வெடியெனவே கொண்டு, பக்கவாட்டில் மெல்ல மெல்ல மண்ணை நீக்குவர். பிளாஸ்ரிக் உறையுடைய மிதிவெடியில் உள்ள உலோகம் மிகச் சிறிது. அதன் ஒலி சிறுகாசின் ஒலியிலிருந்து வேறுபடாதிருத்தல் கூடும். காசு தேடுபவரோ ஒலி கேட்டதும் அலவாங்கை ஓங்குவார். போர் நடந்த நிலத்தில், குறிப்பாகப் பாழடைந்த வளவுகளில், இது உயிரோடு விளையாடுவதாகும். வெடிபொருள் என ஐயுறத்தக்க எதனையும் தொடாது, இடத்தை அடையாளமிட்டுப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவித்தலே முறை.

சட்டம் கூறுவது

'என் வளவு, என் காசு' என்னும் எண்ணம் இயல்பானது. ஆயினும் இலங்கைச் சட்டம் அதனை ஏற்பதில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டனவாகிய பொருள்கள் தொல்பொருள்களாம். ஒருவரின் நிலத்திற் கண்டெடுக்கப்பட்டமை ஒன்றினாலேயே தொல்பொருள் அவருக்கு உரித்தாகாது. தொல்பொருளைக் கண்டெடுக்கும் நோக்குடன் அகழ்வதாயின், சொந்த நிலமாயினும் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. இக்கால எல்லையின்படி சேது காசும் ஒல்லாந்தர் துட்டும் தொல்பொருள்களாகும். விக்ரோறியா அரசியின் சதக்காசு ஆகாது. நிலத்துள் ஒலிப்பது இவற்றுள் எது என்பதைத் தோண்டுமுன் கருவி கூறமாட்டாது என்பதே இங்கு கருதத்தக்கது.

வீட்டார் செய்யத்தக்கன

கருவி இல்லாமலே காசுகள் வெளிப்படும் சந்தர்ப்பங்கள் பல. கிணறு இறைத்துத் தூர்வாரும்போதும், அத்திவாரம் வெட்டும்போதும், மாரிமழை மேன்மண்ணை அரித்துச் செல்லும்போதும் அவை தாமாகவே தோன்றும். அவ்வேளைகளில் வீட்டார் பின்வருவனவற்றைச் செய்வாராயின் ஆராய்ச்சிக்குப் பேருதவியாகும்.

முதலாவதாக, காசு தோன்றிய இடத்தில் வேலையை நிறுத்தி, கிணற்றுக்கட்டு, வீட்டுமூலை போன்ற நிலையான இரண்டு இடங்களிலிருந்து தூரத்தையும், நிலமட்டத்திலிருந்து ஆழத்தையும் அளந்து குறித்தல் வேண்டும். மண்ணின் நிறத்தையும், உடன்கிடந்த ஓட்டுத்துண்டு, கரி, சிப்பி முதலியவற்றையும் குறித்தல் நன்று. அம்மண் பிறவிடத்திலிருந்து கொட்டப்பட்டதாயின் அதனையும் மறவாது எழுதுதல் வேண்டும்.

இரண்டாவதாக, காசைத் துலக்குதல் ஆகாது. பித்தளைப் பாத்திரம் துலக்கும் பழக்கத்தினால் புளியும் சாம்பலும், சிலர் தேசிக்காயும் இட்டுத் தேய்ப்பர். புளியின் அமிலம் களிம்பை மட்டுமன்றிக் களிம்பினுள் எஞ்சி நின்ற எழுத்தையும் தின்றுவிடும். 'சேது' என்னும் இரண்டெழுத்து அழிந்தபின் அக்காசு பெயரிழந்த செம்பே. உலர்ந்த கடதாசி உறையில் இட்டு, இடமும் நாளும் எழுதி வைத்தலே போதுமானது.

மூன்றாவதாக, ஒன்றாகக் கிடைத்தவற்றைப் பிரிக்கலாகாது. பங்கு பிரித்தலும் வெளிநாட்டு உறவினருக்கு நினைவுப்பொருளாக அனுப்புதலும் தொகுதியின் பொருளைச் சிதைப்பன. முட்டியின் உடைந்த துண்டுகளையும் பேணுதல் வேண்டும். காலத்தைக் கூறுவதிற் காசுக்கு அவை இளைத்தனவல்ல.

நான்காவதாக, தாமதமின்றித் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினரும் காசை இனங்காண உதவுவர். நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட் காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள பொருள்களைப் பார்வையிடுதலும் தம் வளவிற் கிடைத்தது யாது என அறிய வழிசெய்யும்.

முடிவுரை

உலோகக் கண்டறி கருவி தன்னளவிற் குற்றமுடையதன்று. அனுமதியுடன் நடைபெறும் அகழ்வாய்வில், வெட்டிக் குவித்த மண்ணில் தப்பிய சிறுகாசுகளைக் காண அது துணைசெய்யும். உயிர்காக்கும் பணியில் அது ஆற்றிய தொண்டைக் குடாநாடு நன்கறியும். குற்றம், காசை இடத்தினின்றும் பிரிக்கும் அவசரத்திலேயே உள்ளது.

இன்று குடாநாட்டின் பழைய வளவுகள் விரைந்து மாறி வருகின்றன. உரிமையாளர் கடல் கடந்து வாழ, ஆளில்லா நாற்சார் வீடுகள் இடிந்து விழுகின்றன. அவை நின்ற நிலம் இயந்திரங்களால் வெட்டப்பட்டு, மண் பாரவூர்திகளில் வேறிடம் செல்கின்றது. கருவியோடு வரும் தனியொருவரால் நேரும் இழப்பினும் இது பெரிது. ஆதலால், பழைய வீடொன்றை இடிக்குமுன் அதன் வளவில் இதுவரை கிடைத்த காசுகளைப் பற்றி முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யும் முயற்சியை ஊர்தோறும் மேற்கொள்ளுதல் அவசியமாகும். இதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் அளவுநாடாவும் பொறுமையும் போதும். இப்பணியைப் பல்கலைக்கழக மாணவரும் ஊர்ச் சனசமூக நிலையங்களும் இணைந்து தொடங்குவாராயின், ஏடுகள் கூறாது விட்ட யாழ்ப்பாண வரலாற்றின் சில பகுதிகளையேனும் மண் கூறக் கேட்கலாம்.